30 வயதுக்கு மேல் மைனஸ் பவரா? குன்னூர்க் கண்ணாடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பவர் பார்ப்பது என் வேலை. அறை 3 மீட்டர் நீளம்தான். எழுத்து அட்டையை முகம் பார்க்கும் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்து அதை 6 மீட்டர் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். குழந்தைக்குக் கண்ணாடி என்று சொன்னால் பெற்றோர் போனைத் திட்டிவிட்டு ஃப்ரேம் பார்க்கப் போய்விடுவார்கள். வளர்ந்தவர்களுக்குப் புதிதாக மைனஸ் வந்துவிட்டால்தான் கேள்விகள் வரிசை கட்டும். "இந்த வயசுல எப்படிக்கா?" என்பார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன்: எந்த வயதில் ஆரம்பித்தது, எத்தனை நாளில் இவ்வளவு ஆனது? அந்த இரண்டும் தெரிந்தால் பாதி வழி வந்துவிட்டோம். மிச்சப் பாதி கீழே.

சீட்டில் "கிட்டப்பார்வை" என்று எழுதியிருக்கிறது. ஆனால் எனக்குத் தூரம்தானே தெரியவில்லை?

வாரத்துக்கு ஒருவராவது இதில் குழம்புகிறார். கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். குறையின் பெயரை வைக்காமல் மிச்சமிருக்கும் திறமையின் பெயரை வைத்துவிட்டார்கள். மைனஸ் பவர் என்பதும் இதுதான். 40 வயதுக்கு மேல் பேப்பரைக் கை நீட்டிப் பிடிக்க வைக்கிற வெள்ளெழுத்து வேறு. அதைப் பெரியவர்கள் சாளேசரம் என்பார்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம்.

கண்ணுக்குள் என்னதான் ஆகிறது?

வளர்ந்தவரின் விழி முன்னிருந்து பின்னாகச் சுமார் 23, 24 மில்லிமீட்டர் இருக்கும். முன்னால் இருக்கும் கருவிழியும் உள்ளே இருக்கும் லென்ஸும் ஒளியை வளைத்துப் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் குவிக்க வேண்டும். விழி கொஞ்சம் நீண்டுவிட்டால் ஒளி திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர். ஒரு அரிசியின் அகலம்கூட இல்லை, அதற்கே பஸ் போர்டு தெரியாமல் போகும்.

விழி நீளாமலும் மைனஸ் வரும். கருவிழியின் வளைவு கூடலாம், லென்ஸ் மாறலாம், லென்ஸைப் பிடித்திருக்கும் தசை இறுகிக்கொள்ளலாம். பெரியவர்கள் விஷயத்தில் இந்த வேறுபாடுதான் முக்கியம். நீண்ட விழி திரும்பச் சுருங்காது. மற்ற சிலவற்றைச் சரிசெய்யலாம், சில தாமாகவே சரியாகும்.

கடைக்கு வருவதற்கு முன் என் பவரை நானே தோராயமாகத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கண்ணாடியைக் கழற்றுங்கள், ஒரு கண்ணை மூடுங்கள். செய்தித்தாளின் சின்ன எழுத்தை மூக்கருகே பிடித்து மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். கூர்மை எந்த இடத்தில் விடுகிறதோ அந்தத் தூரத்தை டேப்பில் அளக்கவும். 100-ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் மைனஸ் பவர் வந்துவிடும். 50 செ.மீ. என்றால் 2, 25 செ.மீ. என்றால் 4. சிலிண்டர், அதாவது கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததற்கான பவர், இருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். ஒரு பவருக்குக் குறைவாக இருந்தால் கை எட்டாது.

இன்னொன்று ஓட்டை அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு அதன் வழியே தூரத்து போர்டைப் பாருங்கள். தெளிவானால் பெரும்பாலும் பவர் கோளாறுதான். துளை வழியே பார்த்தும் மங்கலாகவே இருந்தால் கடைக்கு வராதீர்கள், நேரே கண் டாக்டரிடம் போங்கள்.

20 வயதோடு பவர் நின்றுவிடும் என்றார்களே?

பலருக்கு நிற்கும். பள்ளிப் பருவத்தில் மைனஸ் வந்த அமெரிக்கப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த காமெட் ஆய்வில், 21 வயதுக்குள் சுமார் 90 சதவீதம் பேருக்குப் பவர் ஓரிடத்தில் நின்றிருந்தது. மீதிப் பேருக்கு அதற்குப் பிறகும் ஏறியது.

அதைவிட, அதுவரை நல்ல பார்வையோடு இருந்து 20-களில் புதிதாக ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ரெய்ன் ஆய்வு என்று ஒன்று. 20 வயதில் பரிசோதித்த இளைஞர்களை 28 வயதில் மறுபடி பார்த்தார்கள். கிட்டப்பார்வை இல்லாதிருந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு அந்த 8 ஆண்டுகளில் வந்திருந்தது. ஏழு பேரில் ஒருவர். யாருக்கு அதிகம் வந்தது என்பதையும் 2022-இல் வெளியிட்டார்கள்: பெற்றோருக்குக் கிட்டப்பார்வை உள்ளவர்கள், பெண்கள், கிழக்காசிய வம்சாவளியினர், அப்புறம் வெயில் குறைவாகப் பட்டவர்கள். வெயிலை எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வெயில் படப்பட வெள்ளை விழியின் மேல்தோலில் ஒரு தடம் விழும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. புற ஊதா ஒளியில் படமெடுத்தால் தெரியும். தடம் சின்னதாக இருந்தவர்களுக்கு மைனஸ் அதிகமாக வந்திருந்தது.

ஒரு ஆறுதல்: இந்த வயதில் ஆரம்பிப்பது பெரும்பாலும் பெரிய எண்ணுக்குப் போகாது.

மலைக்குளிரும் பனிமூட்டமும் கண்ணைக் கெடுத்துவிட்டதா?

இல்லை. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. இந்த உயரமும் குளிரும் விழியை நீட்டாது. உயரத்தால் வருவது வேறு தொல்லை: 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக்கதிர் கூடும். அது கண்புரை வருவதற்கும், விழியில் சதை வளர்வதற்கும் உதவும். குளிராக இருக்கிறதே என்று வெயில் கண்ணாடி போடாமல் அலைகிறோம், அதைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பனிமூட்டத்தில் ஒன்று நடக்கும், அது தற்காலிகம். எதிரே பார்ப்பதற்கு எதுவுமே இல்லாதபோது கண் தூரத்தில் குவியாது. தானாக ஓரிரு மீட்டருக்குள் வந்து நின்றுகொள்ளும். விமானிகளுக்கு வெறும் வானத்தில் இது நேரும் என்பது பழைய கண்டுபிடிப்பு. மார்கழியில் மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வெள்ளைத் திரைக்குள் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அதேதான். எதிர்வண்டி விளக்கு தெரிந்த பிறகும் அதைக் கூர்மையாகப் பிடிக்க ஒரு கணம் ஆகும். மூட்டம் விலகினால் கண்ணும் சரியாகிவிடும்.

மறைமுகமான தொடர்பு ஒன்று உண்டு. மழை, பனி என்று சொல்லி நாம் வீட்டுக்குள் கிடக்கிறோம். மேகம் மூடிய பகலிலும் வெளியில் சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப் லைட் எரிகிற நம் முன்னறையில் 100, 200, மிஞ்சிப்போனால் 300. கண்ணுக்கு அது இருட்டு மாதிரிதான். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற பொருளை அதிகம் சுரக்கிறது. அது விழி நீள்வதைத் தடுக்கிறது என்பதுதான் இப்போதைக்கு வலுவான விளக்கம். வளரும் வயதில் இதற்கு ஆதாரம் திடமாக இருக்கிறது. சீனாவின் குவாங்சூ பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். விடாத பள்ளிகளில் சுமார் 40.

எங்கள் வீட்டில் யாருக்கும் கண்ணாடி இல்லையே, எனக்கு மட்டும் ஏன்?

கண்ணாடி இல்லை என்பது வேறு, கண் சரியாக இருந்தது என்பது வேறு. உங்கள் பாட்டி எழுத்துப் படித்தவரா, பஸ் போர்டு பார்த்து ஏறியவரா? குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார் என்று பெருமையாகச் சொல்வீர்கள். முகம் தெரியாததால்கூட இருக்கலாம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கூடும், இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். 400-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இதோடு தொடர்புள்ளவை என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் மரபணு இரண்டு தலைமுறையில் மாறாது. அலாஸ்காவின் வடகோடியில் பேரோ என்ற ஊரில் எஸ்கிமோ குடும்பங்களைப் பரிசோதித்த ஆய்வு 1969-இல் வந்தது. ஊர் தனித்திருந்த காலத்தில் வளர்ந்த மூத்தவர்கள் 131 பேரில் 2 பேருக்குத்தான் கிட்டப்பார்வை. பள்ளிக்கூடம் போன அவர்களுடைய பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பாதிக்கு மேல். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, வரும் குடும்பங்களிலும் இதன் சாயலை நான் பார்க்கிறேன். தாத்தா கேரட், உருளைக்கிழங்கு போட்டவர், அப்பா வாத்தியார், மகள் பெங்களூரில் சாப்ட்வேர். பவர் அதே வரிசையில் ஏறியிருக்கும்.

அப்படியானால் படிப்புதான் காரணமா?

சங்கடமான பதில்தான், ஆனால் ஆமாம், பெரிய பங்கு அதற்குத்தான். பிரிட்டனில் யூகே பயோபேங்க் என்ற பெரிய தொகுப்பின் தகவல்களை வைத்து 2018-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்கள் அதிகம் படிக்கிறார்களா, அதிகம் படிப்பதால் கிட்டப்பார்வை வருகிறதா என்று மரபணுக்களைக் கொண்டே பிரித்துப் பார்த்தார்கள். படித்த ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் சராசரியாகக் கால் பவருக்குச் சற்று மேல், 0.27, மைனஸ் பக்கம் நகர்ந்தது. மறுபக்கத்துக்கு ஆதாரம் இல்லை. கண்ணாடி போட்டவன் அறிவாளி என்ற சினிமாக் கணக்கு தலைகீழ்.

படிப்பில் எது கெடுக்கிறது? புத்தகம் மட்டும் இல்லை. கிட்டத்து வேலை, அதோடு வீட்டுக்குள் அடைந்து கிடப்பது. இரண்டும் சேர்ந்தே வருவதால் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். சிட்னியில் 12 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, 30 சென்டிமீட்டருக்கும் கிட்டத்தில் வைத்துப் படிப்பதும், 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தாமல் படிப்பதும்தான் கிட்டப்பார்வையோடு சேர்ந்து நின்றன. மொத்தம் எத்தனை மணி நேரம் என்பது அவ்வளவு இல்லை.

வளர்ந்தவர்களுக்கும் கிட்டத்து வேலையால் வருமா? நான் தையல் வேலை செய்கிறேன்.

வரலாம். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஆய்வகப் பணியாளர்களை பிரிட்டனில் இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். வளர்ந்த ஆட்கள்தான். கணிசமானவர்களுக்குப் புதிதாக மைனஸ் வந்தது, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஏறியது. 1997-இல் வெளியான ஆய்வு அது. அப்போது கையில் போன் கிடையாது.

நம் ஊரில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தோடர் பூவேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வரைந்துகொண்டு தைப்பது கிடையாது. முரட்டுப் பருத்தித் துணியின் இழைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, சிவப்பும் கறுப்பும் நூலைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை ஒரு இளம்பெண் கடைக்கு வந்தபோது காத்திருந்த நேரத்திலும் மடியில் துணி. மூக்குக்கும் துணிக்கும் ஒரு சாண்கூட இல்லை. மைனஸ் ஒன்றேகால். "வெளியில திண்ணையில உக்காந்து போடும்மா, துணியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடி" என்றேன். "அம்மாவும் இதேதான் சொல்லும், வெளியில உக்காந்தா எருமையைப் பாக்கப் போயிடுவேன்" என்றாள். போனால்தான் என்ன, கண்ணுக்கு நல்லது.

உங்களுக்கும் அதேதான். ஊசி கோக்கத் திணறி முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். விளக்கைக் கிட்டே கொண்டு வாருங்கள்.

போன், லேப்டாப்?

திரையின் ஒளி விழியை நீட்டுவதாக ஆதாரம் இல்லை. எவ்வளவு கிட்டத்தில் வைத்து எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். போனைப் புத்தகத்தைவிடக் கிட்டத்தில் பிடிக்கிறோம், படுத்துக்கொண்டால் இன்னும் கிட்டத்தில். டிவி பாவம், அது தூரத்தில் இருக்கிறது.

நீல ஒளி தடுக்கும் லென்ஸ் வேண்டுமா என்று கேட்பீர்கள். அதை விற்றால் எங்களுக்குக் கூடுதல் காசு. இருந்தாலும் சொல்கிறேன்: 2023-இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில், சாதாரண லென்ஸைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 வினாடி பார்க்கும் பழக்கம் களைப்புக்கு இதம் தரும். பவரை நிறுத்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கும் ஊரில் அதற்கும் சோம்பல்.

பரீட்சைக்குப் படித்தேன், இரண்டே மாதத்தில் மைனஸ் வந்துவிட்டது. விழி அவ்வளவு வேகமாக நீளுமா?

நீளாது. இதைத் தசை இறுக்கம் என்று சந்தேகிக்க வேண்டும். போன வருஷம் 26 வயதுப் பையன் ஒருவன் வந்தான். டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கு வாடகை அறையில் நாளுக்குப் பத்து மணி நேரம் படிப்பு. கருவியில் ஒன்றேகால் காட்டியது. ஆனால் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எண் மாறியது, முதலில் 1.25, அப்புறம் 0.75, மறுபடி 1.50. அதுதான் துப்பு. கண் டாக்டரிடம் அனுப்பினேன். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு அளந்தபோது மிச்சம் கால் பவர். அன்றைக்கே கண்ணாடி போட்டு அனுப்பியிருந்தால், கண் தேவையில்லாத மைனஸுக்குப் பழகி இறுக்கம் நிலைத்திருக்கும். இளம் வயதுக்காரருக்குப் புதிதாக மைனஸ் என்றால் இந்தச் சொட்டு மருந்துப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். நேரம் ஆகும்தான்.

நாள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் வெளியில் நிற்கிறேன். எனக்கும் மைனஸ் வந்துவிட்டது!

உங்களுக்கு 40-க்கு மேல் வயது, அதுவும் சில வாரங்களில் வந்தது என்றால் முதலில் சர்க்கரை பாருங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 48 வயது எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் வந்தார். எதிர் முகட்டில் கொழுந்து எடுக்கிறவர்களில் யார் யார் என்று தெரியவில்லை என்றார். ஆனால் சந்தோஷமாக இன்னொன்றும் சொன்னார்: "பேப்பர் படிக்கக் கண்ணாடியே வேண்டாம்மா, தானா சரியாயிடுச்சு." நான் கேட்டுக்கொண்டு, ஒன்றரை மைனஸ் எழுதிக் கொடுத்தேன். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா, தாகமா, உடம்பு இளைத்ததா, எதுவும் கேட்கவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்து மேசை மேல் கண்ணாடியை வைத்தார். "இதைப் போட்டா தலை சுத்துது." அளந்தால் மைனஸைக் காணோம். இடையில் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போயிருக்கிறார், சர்க்கரை 380, மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது லென்ஸுக்குள்ளும் மாற்றம் நடந்து அது நீரை இழுத்துக்கொள்கிறது. ஒளியை வளைக்கும் திறன் மாறிவிடும். சர்க்கரை இறங்கும்போது எதிர்ப்பக்கம் போகும். என் செலவில் லென்ஸ் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு 40 தாண்டியவர் "திடீர்னு" என்ற வார்த்தையைச் சொன்னாலே சர்க்கரைச் சீட்டு கேட்பேன். சர்க்கரை கட்டுக்குள் வந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் நிலையாக இருந்த பிறகுதான் கண்ணாடி.

அப்பாவுக்கு 70 வயது. படிக்கிற கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டார். பார்வை திரும்பிவிட்டதா?

திரும்பவில்லை, புரை வருகிறது. லென்ஸின் நடுப்பகுதி இறுகிப் பழுப்பேறும்போது அதன் பவர் கூடும். அந்த மைனஸ் வெள்ளெழுத்தின் பிளஸைச் சமன்செய்துவிடும். கிட்டத்தில் தெளிவாகும், தூரம் மங்கும். சில மாதமோ சில வருஷமோ இந்த இன்பம், அப்புறம் இரண்டும் மங்கும். விறகடுப்புப் புகை, பீடி சிகரெட், வெயில், சர்க்கரை, நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவை புரையை விரைவாக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. ஆபரேஷன் நேரத்தை டாக்டரிடம் பேசுங்கள்.

ஊட்டி இந்து நகரில் இருந்த ஃபோட்டோ ஃபிலிம் பேக்டரியில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலர், இருட்டறையில் நின்றதால்தான் கண் போயிற்று என்பார்கள். 1960-இல் நிறுவப்பட்ட அந்த ஆலையில் ஒளிபடக் கூடாத வேலைகள் இருட்டில்தான் நடந்தன, உண்மை. ஆனால் இத்தனை வருஷம் கழித்து 70 வயதில் வரும் மைனஸுக்கு அந்த இருட்டு காரணம் இல்லை. அவர்களிடம் வாதாட மாட்டேன். அந்த ஆலையின் கதையைக் கேட்டுக்கொண்டே புரையைக் காட்டுவேன்.

பகலில் நன்றாகத் தெரிகிறது, இரவில் வண்டி ஓட்டும்போது மட்டும் மங்கல்.

இரவுக் கிட்டப்பார்வை. கிரீன்விச் வானியலாளர் மாஸ்கலின் 1789-இலேயே தன் கண்ணில் கவனித்தது. வெளிச்சம் குறையும்போது கண் கொஞ்சம் கிட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும், ஒளி நுழையும் துளையான பாவை விரிவதால் கூர்மையும் குறையும். பகலில் திருத்தாமல் விட்ட கால், அரை மைனஸ் ராத்திரியில் பெரிதாகத் தெரியும். ஓட்டுநர் என்றால் அந்த அரைக்கும் கண்ணாடி போடுங்கள். ஆனால் இருட்டில் தடுமாறி விழும் அளவுக்கு என்றால் அது மாலைக்கண், வேறு விஷயம், டாக்டரிடம் போக வேண்டும்.

வருஷா வருஷம் சிலிண்டர் ஏறுகிறது. கண்ணாடி போட்டும் தெளிவில்லை.

கண்ணைக் கசக்குவீர்களா? அலர்ஜி, அரிப்பு உண்டா? கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளும் கெரட்டோகோனஸ் என்ற கோளாறு பெரும்பாலும் பதின்வயதிலிருந்து 30-களுக்குள் வரும். கசக்குவது அதைத் தூண்டும், மோசமாக்கும். கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆரம்பத்தில் பிடித்தால், ஒருவகை வைட்டமின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு அதை இறுக்கி நிறுத்தச் சிகிச்சை இருக்கிறது. இந்த வகையினரைக் கடைக்காரர்களாகிய நாங்கள் கண்ணாடி மாற்றி மாற்றியே காலம் கடத்திவிடுகிறோம். எங்கள் தொழிலில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இது.

மாத்திரையால் வருமா?

அபூர்வம். ஒற்றைத்தலைவலிக்கும் வலிப்புக்கும் தரும் டோபிராமேட், சில சல்ஃபா மருந்துகள் ஆகியவை தொடங்கிய சில நாள், சில வாரத்தில் இரண்டு கண்ணிலும் திடீர் மைனஸ் கொண்டுவரும். கண்ணழுத்தமும் சேர்ந்து ஏறலாம். வலி, சிவப்பு, மங்கல் என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், பவர் மாறியிருக்கிறது.

உடலில் நீர் தேங்குவதால் கருவிழி சற்று மாறும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். அதுவரை புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். பூச்சி பறப்பது போலவோ மின்னுவது போலவோ தெரிந்து, தலைவலியும் ரத்த அழுத்தமும் இருந்தால் அது கண் விஷயம் இல்லை, உடனே பிரசவ டாக்டர்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்கிறார்கள். கொஞ்சம் கம்மியாகக் கொடுங்களேன்.

கொடுக்க மாட்டேன். குறைத்துக் கொடுத்தால் ஏறாது என்று நம்பி மலேசியாவில் பிள்ளைகளிடம் சோதித்தார்கள், 2002-இல் வெளியானது. குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது.

ஊட்டி கேரட் சாப்பிட்டால் சரியாகுமா?

கேரட் விளைகிற ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். கேரட்டின் சத்து வைட்டமின் ஏ ஆகி மாலைக்கண்ணைத் தடுக்கும். நீண்ட விழியைச் சுருக்காது. கேரட் சாப்பிட்டால் இருட்டில் கண் தெரியும் என்ற பேச்சை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஊதிவிட்டது. ஜான் கன்னிங்ஹாம் போன்ற விமானிகள் இரவில் எதிரி விமானத்தை வீழ்த்தியது ரேடாரின் உதவியால். அதை மறைக்கக் கேரட்டைச் சொன்னார்கள். கேரட் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும்.

எத்தனை பவருக்கு மேல் பயப்பட வேண்டும்?

மைனஸ் 6-க்கு மேல், அல்லது விழி 26 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் வருஷம் ஒருமுறை பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். பலூனை ஊதினால் ரப்பர் மெலிவது போல, விழி நீளும்போது திரை மெலிகிறது. கிழிசல், திரை விலகல், கண்ணழுத்த நோய், மையப் பார்வை தேய்வது என்று ஆபத்துகள் பவரோடு ஏறும். குறைந்த பவர்க்காரருக்கும் ஆபத்து பூஜ்யம் இல்லை.

இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: கண்ணோரத்தில் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரென்று மழை போல் கொட்டுவது, ஒரு பக்கம் திரை இறங்குவது போல் மறைவது. வலியே இருக்காது, அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை, திருவிழா, மண்சரிவு எதுவானாலும் அன்றே கோயம்புத்தூர் இறங்க வழி பாருங்கள். ஒரு நாள் தாமதம்கூடப் பார்வையைத் தீர்மானிக்கும்.

லேசர் செய்துவிட்டால் இந்த ஆபத்தெல்லாம் போய்விடுமா?

போகாது. லேசர் கருவிழியைச் செதுக்குகிறது. விழியின் நீளம் அப்படியே இருக்கும். கண்ணாடி போனாலும் விழித்திரைக்கு நீங்கள் இன்னும் அதே மைனஸ் 7 ஆள்தான். 18 வயது கடந்து, ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருந்து, கருவிழி வரைபடமும் சரியாக இருந்தால் யோசிக்கலாம். போலீஸ், ராணுவத் தேர்வுக்காகச் செய்யப் போகிறவர்கள் அந்த ஆண்டு அறிவிப்பில் லேசருக்கு என்ன விதி என்று படித்துவிட்டுச் செய்யுங்கள். முன்பணம் கட்டிவிட்டு வந்து என்னிடம் கேட்காதீர்கள்.

பரிசோதனைக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய கண்ணாடிகள் எல்லாம், உடைந்ததும்கூட. அவற்றை அளந்தால் பவர் ஏறிய வரலாறு கிடைக்கும். ஞாபகத்தைவிட அது நம்பகமானது. சர்க்கரைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டைகள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சில நாள் முன்பே கழற்றிவிட வேண்டும். எத்தனை நாள் என்பது லென்ஸ் வகையைப் பொறுத்தது, போனில் கேளுங்கள். டாக்டர் சொட்டு மருந்து விடுவதாக இருந்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. அன்றைக்கு பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு தொப்பியோடு பஸ்ஸில் வாருங்கள்.